ஐரிஸ் பூக்கும் வாரத்தில் யாரும் சாகக்கூடாது

அருளம்பலம் அண்ணையின் குடும்பத்தில் ஜூன் மாதத்தில் யாரும் சாகக்கூடாது. பிறக்கவும் கூடாது. இரண்டில் எதைச் செய்வதென்றாலும் அவருடைய ஐரிஸ் பூத்து முடிந்த பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணம், லண்டன், சூரிச் என்று நாலாபக்கமும் சிதறிக் கிடக்கிற எங்கள் பங்காளிகள் எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்து என்ன பயன்? சொல்லி வைத்தாற்போல் வருடா வருடம் ஜூனில்தான் யாராவது கண்ணை மூடுவார், அல்லது யாராவது பிள்ளை பெறுவாள். அந்தச் செய்தியை அண்ணையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற பொறுப்பு எப்படியோ என் தலையில் வந்து விழும்.

நான் சிவராசா, அண்ணையின் சித்தப்பா மகன். மொன்றியலில் கூரியர் வான் ஓட்டுகிறேன். பன்னிரண்டு வருடத்தில் ஒரு பார்சலைக்கூடக் கொடுக்காமல் விட்டவனில்லை. நாய் கடித்த அன்றும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் ஊசி போடப் போனேன். அதோடு எனக்குப் பிறவியிலேயே செத்தவீட்டு முகம். கல்யாணத்துக்குச் சொல்லப் போனாலும் கதவைத் திறக்கிறவர்கள் நெஞ்சில் கை வைக்கிறார்கள். இதற்கு நான் என்ன செய்ய?

முதலில் பூவின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அண்ணைக்குக் கோட்-டெ-நெய்ஜ் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் துணி வெளுக்கிற பகுதியில் வேலை. ஒரு நாள் அங்கே பூப்பாத்தியை மாற்றிக் கட்டுவதற்காகக் கிழங்குகளைக் கிளறிக் குப்பைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணை ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். என்ன கிழங்கென்று அவருக்குத் தெரியாது. கிழங்கைக் கண்டால் ஆழத் தாழ்ப்பது எங்கள் பரம்பரை வழக்கம், செயின்ட்-மிஷேலில் தன் வீட்டு முன்றலில் ஒரு முழ ஆழத்துக்குக் கிடங்கு வெட்டிப் புதைத்துவிட்டார். மூன்று வருடம் இலை வந்தது, பூ வரவில்லை.

பக்கத்து வீட்டு அல்பேட் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. ஒரு நாள் வேலியால் எட்டிப் பார்த்துத் தலையில் கையை வைத்தார். இந்தக் கிழங்கு ஆழத்தில் இருந்தால் பூக்காது, மேல்முதுகு வெயிலில் காய வேண்டும் என்று பிரெஞ்சில் சொன்னார். அண்ணையின் பிரெஞ்சு போன்ஜூர், மெர்சி என்ற இரண்டோடு முடிந்துவிடும். அல்பேட் என்ன செய்தார் தெரியுமா? முன்றல் புல்லில் குப்புறப் படுத்துச் சட்டையை மேலே இழுத்து முதுகை வெயிலுக்குக் காட்டினார். எழுபத்திரண்டு வயது மனிதர்! தெருவே பார்த்தது. அண்ணைக்கு விளங்கிவிட்டது.

அடுத்த வருடம், 2003 ஜூனில், முதல் பூ விரிந்தது. கடும் ஊதா. அண்ணை அதற்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு இரண்டு மணித்தியாலம் இருந்தார். பிறகு எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"சிவராசா, எண்ணிப் பாத்தனான். ஆறு இதழ். மூண்டு மேல பாக்குது, மூண்டு கீழ பாக்குது."

"அதுக்கென்ன அண்ணை?"

"அதுக்கென்னவோ? ஆறு முகமெடா! இது முருகன்ர பூ!"

அன்றிலிருந்து பித்துப் பிடித்துவிட்டது. எங்கள் முருகன் கோயில், பழைய மரக்கடை ஒன்றை வாங்கித் திருத்திய கோயில். ஜூனில் பத்து நாள் திருவிழா. அதில் ஞாயிற்றுக்கிழமைத் திருவிழா அண்ணையின் உபயம். அன்று முருகனுக்குத் தலையிலிருந்து பாதம் வரை தன் வீட்டு ஐரிஸ் மட்டும் சாத்த வேண்டும், கடைப் பூ ஒன்றுகூடக் கலக்கக் கூடாது என்று தீர்மானித்தார். ஒரு நாள் என்னிடம் மனம் விட்டுச் சொன்னார். "பத்து வருசமா ஊர்ச் சனத்தின்ர படுக்கை விரிப்புத் தோய்க்கிறன். இந்த நாட்டில இது நான் செய்ததெண்டு காட்ட எனக்கு வேற ஒண்டுமில்லை." நான் செய்ததென்று காட்ட எனக்கும் ஒன்றுமில்லை. வீட்டு முன்றலும் இல்லை.

கோயில் செயலாளர் பேரின்பநாதன் இலேசில் விடவில்லை. மணமில்லாத பூவைச் சாமிக்குச் சாத்தக் கூடாது என்று கிளம்பினார். மணம் இருக்கிறதென்றார் அண்ணை. மணந்து பார்த்தீரோ என்று கேட்டார் செயலாளர். சாமிப் பூவை மணக்கலாமோ, மணந்தால் சாத்த முடியுமோ என்று பாய்ந்தார் அண்ணை. அப்படியென்றால் மணம் இருப்பது எப்படித் தெரியும்? மணக்காமல் தெரியாது. மணந்தால் சாத்த முடியாது. நிர்வாக சபை இரண்டு கூட்டம் கூடி இதைப் பேசியது. கடைசியில் அல்பேட்டைக் கோயில் வாசலுக்குக் கூட்டிவந்து ஒரு பூவை மணக்க வைத்தார்கள். அவர் கண்ணை மூடி இழுத்துவிட்டு திராட்சைப்பழச் சாறு மணக்கிறது என்றார். அந்தப் பூ தள்ளுபடி. மற்றப் பூக்கள் எல்லாம் தேறிவிட்டன.

இனித் தடையில்லை என்று நினைத்தோம். 2004இல் பூத்தது. திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கச் சுழிபுரத்தில் ஒரு பெரியப்பா முறையானவர் போய்விட்டார். எங்கள் வழியில் ஒருவர் இறந்தாலும் சரி, ஒரு பிள்ளை பிறந்தாலும் சரி, பங்காளிகள் எல்லாருக்கும் துடக்கு என்கிற தீட்டு. இறந்தால் முப்பத்தொரு நாள். கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாது, சாமிக்குப் பூவும் கொடுக்கக் கூடாது. செய்தி கொண்டுபோனவன் நான். உபயத்தைப் பேரின்பநாதன் ஏற்றுக் கடையில் வாங்கிய கார்னேஷன் சாத்தினார். 2005இல் சூரிச்சில் பிள்ளை பிறந்தது. செய்தி கொண்டுபோனவன் நான். 2006இல் லண்டனில், அண்ணை வாழ்நாளில் கண்டேயிராத ஒரு பங்காளி குளியலறையில் வழுக்கி விழுந்து போய்ச் சேர்ந்தார். அதையும் நான்தான் கொண்டுபோனேன். மூன்று வருடமும் பூக்கள் செடியிலேயே வாடிக் கருகின. அண்ணை என்னைப் பார்த்த பார்வையை என் எதிரிக்கும் விரும்ப மாட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் அவர் ஐயரைப் பிடித்து ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். செய்தி தெரியாமல் இருந்தால் துடக்கு உண்டோ? ஐயருக்கு அவசரம், வேறொரு புதுவீட்டுக் குடிபூரலுக்குப் போக வேண்டும். "காதில விழுந்த நேரத்தில இருந்துதான் துடக்கு. தெரியாதவனுக்கு என்ன துடக்கு?" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். ஐயர் அந்த ஒரு வசனத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

2007 ஜூன். திருவிழா வாரம் பிறந்ததும் அண்ணை வீட்டைக் கோட்டையாக்கினார். தொலைபேசி வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். கடிதம் போடுகிற வாயை ஒட்டுநாடாவால் ஒட்டினார். டொரோன்டோவில் இருக்கிற பிள்ளைகளுக்கு அந்த வாரம் பேசவும் வேண்டாம், வரவும் வேண்டாம் என்று கட்டளை. அண்ணி ஜெகதீஸ்வரியிடம் கர்ப்பூரம் கொளுத்திச் சத்தியம் வாங்கினார், யார் என்ன செய்தி சொன்னாலும் ஞாயிறு பூசை முடியும்வரை காதில் வாங்குவதில்லை என்று. அல்பேட்டுக்கு ஒரு விசில் வாங்கிக் கொடுத்தார். என்னுடைய வான் தெருமுனையில் தெரிந்தால் ஊத வேண்டும். அந்த மனிதர் இதைத் தன் பழைய வேலையைவிடப் பொறுப்பாகச் செய்தார்.

செடிகளுக்கும் சட்டம் போட்டிருந்தார். எண்பத்தாறு தண்டு. ஐரிஸ் விரிந்தால் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள்தான் நிற்கும். எல்லாம் ஞாயிறு காலையில் விரிந்திருக்க வேண்டும். முந்திக்கொண்டு விரியப் பார்த்த மொட்டுகளுக்கு மேலே குடை பிடித்துக் கட்டினார், பதினொரு குடை. பிந்திய மொட்டுகளுக்குப் பக்கத்தில் வெந்நீர்ப் போத்தல்களை வைத்தார். தெருவால் போன சனம் படம் எடுத்தது.

புதன்கிழமை விடிய ஐந்தரைக்கு என்னுடைய தொலைபேசி அடித்தது. திருச்சியிலிருந்து.

"சிவராசா, நான் குகன்."

எனக்குத் தெரிந்த குகன் ஒருவன்தான். குகதாசன், அருளம்பலம் அண்ணையின் ஒரே தம்பி, என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். அவன் செத்து விட்டான். 1990இல் ராமேஸ்வரத்துக்குப் போன படகு கவிழ்ந்தபோது அதில் இருந்தவன். உடல் கிடைக்கவில்லை. தர்ப்பையில் உருவம் செய்து அண்ணைதான் கொள்ளி வைத்தார். முப்பத்தொன்றும் செய்தாயிற்று. ஒவ்வொரு வருடமும் திவசமும் செய்கிறோம். அவனுக்குப் பிடித்த கணவாய்மீன் கறியைப் படைக்க முடியாதே என்று அண்ணி ஒவ்வொரு முறையும் கவலைப்படுவார்.

"நான் அந்த வள்ளத்தில ஏறேல்லையெடா. அடுத்ததில போனனான்," என்றான்.

பிடிபட்டுச் சிறையில் இருந்திருக்கிறான், பிறகு முகாமில். ஊருக்குப் போட்ட கடிதமெல்லாம் திரும்பி வந்ததாம், தொண்ணூற்றைந்தில் ஊரே எழும்பி ஓடியபோது நாங்கள் எல்லாரும் ஷெல் விழுந்து செத்துப்போனோம் என்று யாரோ அவனுக்குச் சொன்னார்களாம். அவனும் நம்பிவிட்டான். நாங்கள் அவனுக்குத் திவசம் செய்ய, அவன் எங்கள் எல்லாருக்கும் ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் கடலில் எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்திருக்கிறான். "உனக்கும்தான் விட்டனான்," என்று சொல்லிச் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. இரண்டு சிறுநீரகமும் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பக்கத்துக் கட்டிலுக்கு வந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர், கல்யாணச் சேலை எடுக்கத் திருச்சிக்கு வந்து வயிற்றோட்டத்தில் விழுந்தவர், அவனை அடையாளம் கண்டு எங்கள் நம்பர்களைக் கொடுத்திருக்கிறார்.

"அண்ணைக்கு ரெண்டு நாளா அடிக்கிறன். மணி போகுது, ஆரும் எடுக்கினமில்லை. அண்ணையோட ஒருக்காக் கதைக்க வேணும் சிவராசா. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

"இண்டைக்கே கதைக்க வைக்கிறன்," என்றேன். பன்னிரண்டு வருடம் பார்சல் கொடுத்த திமிரில் சொன்னேன்.

வேலை முடிந்து மாலை நான்கு மணிக்கு அண்ணையின் தெருவுக்குள் வானைத் திருப்பினேன். விசில் அடித்தது. அண்ணை ஒரு குடையின் கீழிருந்து நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் சிரிக்கத்தான் பார்த்தேன். என் முகத்தில் சிரிப்பு வந்தால் இன்னும் மோசமாக இருக்கும் என்று என் மனைவியே சொல்லியிருக்கிறாள்.

"வராத! கிட்ட வராத!" என்று கத்தினார்.

"அண்ணை, சாவில்லை! சாவுச் செய்தி இல்லை!"

"பிறப்பும் வேண்டாம்! போ!"

"பிறப்புமில்லை அண்ணை! ஒருக்கா இருந்து கதைக்க வேணும்."

"சாவுமில்லை பிறப்புமில்லையெண்டால் உனக்கு இஞ்ச என்ன வேலை?"

இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைப் பூட்டினார். அவருக்கு நெஞ்சுக்குள் இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. செத்த தம்பி உயிரோடு இருக்கிறான் என்பதைத் தெருவில் நின்று கத்தி, அவர் பாத்திக்குள் விழுந்தால் யார் பதில் சொல்வது? கதவில் தட்டினேன். உள்ளே ஏதோ பஜனை கசெட்டை முழுச் சத்தத்தில் போட்டார். நான் பழக்கதோஷத்தில், ஆள் இல்லாத வீட்டில் ஒட்டுகிற துண்டு ஒன்றைக் கதவில் ஒட்டிவிட்டு வந்தேன். "வந்தோம், நீங்கள் இல்லை."

வியாழக்கிழமை அண்ணியைப் பிடித்தேன். தையல் தொழிற்சாலையால் வந்து பஸ் தரிப்பில் நின்றார். என்னைக் கண்டதும் கைப்பையைக் காலுக்கிடையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்தினார்.

"அண்ணி, நல்ல செய்தி! முருகன்மேல ஆணை, நல்ல செய்தி!"

ஒரு கையை மட்டும் கொஞ்சம் எடுத்தார். "நான் சத்தியம் பண்ணிப்போட்டன் தம்பி. மூண்டு வருசமா அந்த மனுசன் பூவுக்கு முன்னால இருந்து அழுததை நீங்கள் பாக்கேல்லை. நான் பாத்தனான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பொறுங்கோ."

"இது பொறுக்கிற விசயமில்லை."

"நல்ல செய்தியெண்டால் ஞாயிற்றுக்கிழமையும் நல்லாத்தானே இருக்கும்?" என்று கேட்டார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.



குகனுக்கு எடுத்தேன். "அண்ணை வேலையில. நாளைக்குக் கதைப்பார்," என்று பொய் சொன்னேன். "என்ன வேலை செய்யிறார்?" என்று கேட்டான். பூ வளர்க்கிறார் என்றேன். "அண்ணையோ? அவர் வெங்காயத்தைத் தவிர ஒண்டையும் வளர்க்கமாட்டாரே," என்று மறுபடியும் சிரித்து இருமினான்.

வெள்ளிக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. நெஞ்சாவது ஸ்டென்ட்டாவது! பெரிய பார்சல் மட்டை ஒன்றை வெட்டி, கறுப்பு மையால் கொட்டை எழுத்தில் எழுதினேன். "குகன் உயிரோடு இருக்கிறான்." வானைத் தெருமுனையில் விட்டு நடந்துபோய் எதிர் நடைபாதையில் மட்டையைத் தூக்கிப் பிடித்தேன். அல்பேட் விசில் ஊதினார். அண்ணை கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடியபடியே தட்டித் தடவிப் போய் வீட்டுக்குள் இருந்து ஒரு படுக்கை விரிப்பை எடுத்துவந்து வேலியில் கட்டி மறைத்தார். மூடின கண்ணோடு முடிச்சுப் போடுகிற மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். நான் மட்டையோடு ஒன்றரை மணித்தியாலம் நின்றேன்.

யாரோ பொலிசுக்குச் சொல்லிவிட்டார்கள். ஒரு இளம் பொலிஸ்காரி வந்து இது என்ன ஆர்ப்பாட்டம், அனுமதி இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டாள். ஆர்ப்பாட்டமில்லை என்றேன். மட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்றாள். அவருடைய தம்பி உயிரோடு இருக்கிறார் என்று எழுதியிருக்கிறது என்றேன். அதை ஏன் அவரிடம் நேரே சொல்லவில்லை? அவர் கேட்க மாட்டார். ஏன் கேட்க மாட்டார்? பூ வாடிவிடும். அவள் என்னையும், பதினொரு குடையையும், விசிலோடு நின்ற அல்பேட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுதிக்கொண்டிருந்த சின்னப் புத்தகத்தை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போங்கள் ஐயா என்றாள்.

வீட்டுக்குப் போகவில்லை, கோயிலுக்குப் போனேன். ஐயரைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். செத்தவன் என்று கொள்ளி வைத்த ஆள் உயிரோடு இருந்தால் அந்தச் செய்தி துடக்கோ, இல்லையோ? துடக்கில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் அவரையே கூட்டிக்கொண்டுபோய் அண்ணையின் கதவைத் தட்டலாம் என்பது என் எண்ணம்.

ஐயர் தாடையைத் தடவினார்.

"கருமம் முழுக்கச் செய்தாச்சோ?"

"எல்லாம் செய்தாச்சு."

"அப்ப சாத்திரப்படி அவர் செத்தாச்சு. இப்ப இருக்கிறாரெண்டால் அவர் திருப்பிப் பிறந்தமாதிரி. பிறந்த பிள்ளைக்குச் செய்யிற கிரியையெல்லாம் முதலில இருந்து செய்ய வேணும்."

"பிறந்தமாதிரியெண்டால்?"

"பிறப்புத் துடக்கு," என்றார் ஐயர். "பிள்ளைக்கு என்ன வயசு?"

"ஐம்பத்தொண்டு."

அவர் விரல் மடித்து ஏதோ கணக்குப் பார்த்தார். திடீரென்று இரண்டு அடி பின்னால் போனார். "நீங்களும் பங்காளியெல்லே? செய்தி தெரிஞ்சுகொண்டு உள்ளுக்க நிக்கிறியளே! வெளியில போங்கோ, வெளியில போங்கோ!"

வாசலுக்கு வெளியே செருப்பில்லாமல் நின்றபோது எனக்கு ஒன்று விளங்கியது. அண்ணை செய்ததுதான் சரி. நான் கொண்டுவந்த நல்ல செய்தியாலும் அவருடைய பூ கெட்டுத்தான் போகும். மூன்று வருடம் அந்தப் பூவைக் கருக வைத்தவன் நான். நான்காவது வருடமும் கருக வைக்க வேண்டுமா? இன்னும் ஒன்றரை நாள்தான். பதினேழு வருடம் காத்திருந்தவன் ஒன்றரை நாள் காத்திருக்க மாட்டானா? நல்ல செய்தி ஞாயிற்றுக்கிழமையும் நல்லாத்தானே இருக்கும்? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கணக்கைப் போட்ட வாயை இப்போதும் உடைக்கலாம்போல் இருக்கிறது.

குகனுக்கு எடுத்து ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் என்றேன். சரி என்றான். சண்டை பிடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திருச்சியிலிருந்து எடுத்தது அந்தச் சேலைக்கார ஊர்க்காரர். "தம்பி, குகதாசன் எங்களை விட்டிட்டுப் போட்டார்," என்றார். அங்கே பொழுது பட்டுக்கொண்டிருந்ததாம், தேத்தண்ணி கேட்டானாம், கொண்டுவர முன்னம் போய்விட்டானாம்.

அன்று முழுவதும் நான் வானுக்குள் இருந்தேன். பார்சல் ஒன்றும் இல்லை. சும்மா இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்கு எதிரே, தெருவின் மற்றப் பக்கத்தில் போய் நின்றேன். இப்போது எனக்கு இரட்டைத் துடக்கு, பிறப்பும் சாவும் ஒரே ஆளால். அண்ணை காரிலிருந்து இறங்கினார். புது வேட்டி, நெற்றி நிறைய விபூதி. தலையில் ஒரு பெரிய தாம்பாளம், அது நிறைய ஊதாவும் நீலமும் மஞ்சளுமாக ஐரிஸ். எண்பத்தாறு தண்டில் எழுபது அந்த ஒரு காலையில் விரிந்திருந்தன. உண்மையைச் சொல்ல வேண்டும், அப்படி ஒரு அழகை நான் எந்தக் கோயிலிலும் கண்டதில்லை. பேரின்பநாதனே ஓடிவந்து வழி விலக்கிவிட்டார்.

அண்ணை என்னைக் கண்டுவிட்டார். அப்படியே நின்றார். தாம்பாளத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் காதைப் பொத்த வழியில்லை. இவ்வளவு நாளும் இல்லாத வசதி எனக்கு அப்போதுதான் வந்தது. ஒரு சொல் போதும், அவருக்குக் கேட்கும். அவருடைய கண் என்னைக் கெஞ்சியது.

நான் திரும்பி நின்று பக்கத்து டெப்பனர் கடையில் தொங்கிய பத்திரிகையை வாசிப்பதுபோல் பாவனை செய்தேன். எனக்குப் பின்னால் மணி அடித்தது, மேளம் தொடங்கியது, சனம் அரோகரா என்றது.

ஒன்றரை மணித்தியாலம் கழித்து அண்ணை வெளியே வந்தார். தெருவைக் கடந்து நேரே என்னிடம்தான் வந்தார். முகம் பளபளவென்றிருந்தது. என் தோளில் கையைப் போட்டார். நான்கு வருடத்தில் முதல்தடவை.

"பாக்கேல்லையே நீ? தலையில இருந்து பாதம் மட்டும் என்ர பூ. வேற ஒண்டுமில்லை. ஐயர் அழுதிட்டார் சிவராசா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ நல்லவன். அந்த நேரத்தில வாய் திறக்கேல்லை. நான் மறக்கமாட்டன். சரி, இப்ப சொல்லு. ஆர்?"

நான் அவருடைய தோளுக்கு மேலால் கோயில் வாசலைப் பார்த்தேன்.

"சொல்லு. நான் தாங்குவன். நாலு நாளா இரவு பகலா ஒவ்வொருத்தரா நினைச்சுப் பாத்திட்டன். சின்னையாவோ எண்டு அழுதன். பேந்து கொழும்பு அக்காவோ எண்டு அழுதன். சூரிச்சில அந்தப் பிள்ளைக்கு ஏதுமோ எண்டும் அழுதன். எங்கட வழியில அழ ஒருத்தரும் மிச்சமில்லை. ஆரெண்டு சொல்லு."

"குகன், அண்ணை."

"எந்தக் குகன்?"

"எங்கட குகன்."

அவர் சிரித்தார். என்னைச் சமாதானப்படுத்துவதுபோல் முதுகில் தட்டினார். "உனக்கென்ன விசரே? அவன் செத்துப் பதினேழு வருசம். நான்தானே கொள்ளி வைச்சனான்."

"இல்லை அண்ணை. நேற்று."

கை என் முதுகிலேயே நின்றது. நான் எல்லாவற்றையும் சொன்னேன், படகிலிருந்து தேத்தண்ணி வரைக்கும். அவர் ஒரு தடவையும் காதைப் பொத்தவில்லை. கோயிலில் இருந்து அண்ணி பிரசாதத்தோடு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"நீ புதன்கிழமை வரேக்குள்ள அவன் இருந்தவனோ?" என்று கேட்டார்.

"இருந்தவன்."

"வியாழக்கிழமை?"

"இருந்தவன்."

"வெள்ளி?"

"வெள்ளிக்கிழமையும் இருந்தவன், அண்ணை. உங்களைக் கேட்டவன்."